உபதேசியார் கேட்ட சீம்பால்

ஓடிப்போனாள், ஓடிப்போனாள் என்கிறாயே இராசேஸ்வரி, ஓடுகிறவள் பகல் பதினொரு மணிக்கா ஓடுவாள்? வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துபோட்டு, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கி நடுத்தெருவில் நடந்தவளுக்குப் பெயர் ஓடிப்போனவளா?

நேற்றுக் குழாயடியில் இதைத்தான் கேட்டேன். இராசேஸ்வரி எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரி. யாழ்ப்பாணத்து மனுஷி, குணமணிக்கும் அதே ஊர்ப்பக்கம். ஊர்க்காரிக்குத்தான் ஊர்க்காரியின் சதை ருசிக்கும். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் சொன்னாள்:

“நீங்கள் சும்மா கிடவுங்கோ ஆச்சி. எல்லாரும் முழங்காலிலை நிண்டு செபம் பண்ணேக்கை ஆஸ்பத்திரிச் சாட்டுச் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டவள். ஆஸ்பத்திரிக்கோ ஆரிட்டையோ, ஆர் கண்டது?”

“நான் கண்டேன்டி. அந்த வீட்டுக்குள்ள நான் நின்னேன். நீ எங்க நின்ன? சன்னல் இடுக்குலயா?”

குழாயடியில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களும் வீட்டுக்குப் போய் இராசேஸ்வரி சொன்னதைத்தான் சொல்வார்கள். இரண்டு வருஷமாக இதே கூத்து. அதனால்தான் எழுதிவைக்கச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. எழுதுகிறவர் நடுவில் நிறுத்தி, “அப்படிச் சொல்ல வேண்டாமே” என்றால் இன்னும் இரண்டு மடங்கு சொல்வேன்.

நான் முத்தாயி. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் என் கொட்டகையைக் காட்டுவார்கள். நான்கு பசு, இரண்டு எருமை. பால்காரிக்கு எல்லா வீட்டுப் பின்கதவும் திறக்கும். முன்கதவில் வருகிறவர்கள் வீட்டை விருந்தாகப் பார்ப்பார்கள். பின்கதவில் வருகிறவள்தான் கழுவாத பாத்திரத்தைப் பார்ப்பாள். கிராணி கந்தப்பு வீட்டுப் பின்கதவிலும் அப்படித்தான் நுழைந்தேன்.

கந்தப்பு அரசாங்கக் கந்தோரில் காகிதம் எழுதுகிற கிராணி வேலை. கிறிஸ்து வேதக்காரர். வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத கால்சட்டை, வாயில் அளந்து வரும் பேச்சு. நல்ல மனிதர்தான், அதை நான் மறைக்கவில்லை. பெண்டாட்டி மேல் கை நீட்டியவர் இல்லை, குடித்தவர் இல்லை. ஆனால் யாராவது அதிகாரமாகச் சொன்னால் தலை தானாக ஆடிவிடும் அவருக்கு. கந்தோரில் துரை சொன்னால் ஆடும், வீட்டில் வேறொருவர் சொன்னால் ஆடும். அந்தத் தலையாட்டுதான் வினை.

குணமணி அவர் பெண்டாட்டி. இருபத்திரண்டு வயதிருக்கும் அப்போது. ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தையல் தெரியும், வேதபுத்தகத்தைச் சரளமாக வாசிப்பாள். முதல் பிள்ளை கருவிலேயே போய், இரண்டாவதாகப் பிறந்தது ரூத் என்கிற பெண். பத்து மாதம். நான் பால் செம்போடு போனால் குணமணி தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டாமல் பாலை வாங்கமாட்டாள். “ஆச்சி, இண்டைக்கு ஒரு பல்லு” என்பாள். மறுநாள், “ஆச்சி, அதே பல்லு, இன்னும் கொஞ்சம்” என்பாள். அந்தப் பல்லை நான் இருபது நாள் பார்த்தேன்.

யுத்தம் வந்தது. ஜெர்மன்காரன் சண்டைக் கப்பல் எம்டன் வந்தது. புரட்டாசியில் அந்தக் கப்பல் சென்னைப்பட்டணத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதும் இங்கே தமிழர்கள் இருக்கிற தெருவெல்லாம் அதே பேச்சு. இன்றைக்கு இங்கே வரும், நாளைக்கு அங்கே வரும் என்று துறைமுகத்துப் பக்கம் போகவே ஆட்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார் சீலாஸ் உபதேசியார்.

திருநெல்வேலிப் பக்கத்து ஆள். எந்தக் கோவிலும் அவரை அனுப்பவில்லை, எந்தப் பாதிரியாரும் அவரை வா என்று சொல்லவில்லை. எப்படி வந்தார் என்று கேட்டால் ஆவியானவர் அனுப்பினார் என்பார். நீளக் கறுப்பு அங்கி. கழுத்துப் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு. பேசும்போது வாயோரத்தில் வெள்ளையாக ஒன்று கட்டும், அதைத் துடைக்கமாட்டார், நாக்கால் நக்கிக்கொள்வார். நினைத்தால் எனக்கு இன்னும் குமட்டுகிறது. கந்தப்பு அவரை வீட்டு முன்னறையில் குடிவைத்தார். வாரத்துக்கு மூன்று கூட்டம். இருபது பேர், பிறகு முப்பது பேர்.

நான் பின்கட்டில் பால் அளந்துகொண்டே கேட்பேன். கடலிலிருந்து ஏழு தலை மிருகம் எழும்பும் என்று அவர்கள் வேதத்தில் இருக்கிறதாம். எம்டன்தான் அது என்றார். நான்கு புகைக்கூண்டு, மூன்று கொடிமரம், மொத்தம் ஏழு தலை என்று விரல்விட்டுக் காட்டினார். முப்பது பேரும் “ஆமென்” என்றார்கள். பிற்பாடு பினாங்கிலும் அந்தக் கப்பல் புகுந்து அட்டகாசம் பண்ணியபோது, நாலாவது புகைக்கூண்டு வெறும் துணிப்படுதா, ஏமாற்றுக்காகக் கட்டியது என்று தெரிந்தது. நான் அவரிடமே கேட்டேன்.

“உபதேசியாரே, ஒரு தலை துணியாமே?”

“கள்ளத் தலையும் ஒரு தலைதான் முத்தாயி. அந்திக்கிறிஸ்துவே கள்ளன்தானே!”

பாருங்கள், எப்படிப் போட்டாலும் நிமிர்ந்து நிற்கும் பூனை. அதற்கும் கந்தப்பு தலையாட்டினார்.

தானியேல் என்று ஒரு மகான் சொன்ன நாட்களையெல்லாம் கூட்டி, கழித்து, வருஷமாக்கி, கடைசியில் ஒரு நாளைக் குறித்தார் உபதேசியார். ஐப்பசி இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி. மேகத்தின்மேல் கர்த்தர் வருவார், விசுவாசிகளை அப்படியே வானத்துக்கு எடுத்துக்கொள்வார், மற்றவர்களுக்கு நெருப்பு. அந்தத் தானியேல் மூன்று வாரம் ருசியுள்ளதைத் தொடாமல் விரதம் இருந்தாராம். அதனால் இவர்களும் மூன்று வாரம் இறைச்சி, மீன், பால், நெய் ஒன்றும் தொடக்கூடாது. பகலுக்கு ஒரு வேளை கஞ்சி.

தீபாவளி கழிந்த மறுநாள் பால் செம்போடு போனேன். கந்தப்பு பின்கதவுக்கே வந்துவிட்டார்.

“இனிப் பால் வேண்டாம் முத்தாயி.”

“பிள்ளைக்குங்கய்யா?”

“தாய்ப்பால் இருக்குது தானே.”

“வீட்டுக்கே வேண்டாமா?”

தலையைக் குனிந்துகொண்டு, “உபதேசியாருக்கு மட்டும் ஒரு செம்பு விடு” என்றார். “பிரசங்கம் பண்ணுற தொண்டை. அது ஊழியத்துக்கு.”

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அன்று விழுங்கியதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கஞ்சி குடித்த பெண்ணுக்கு எத்தனை நாள் பால் சுரக்கும்? பத்தாம் நாள் குணமணியின் மார்பு வற்றிவிட்டது. உபதேசியார் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து நான் இரண்டு தரம் அரைச் செம்பு பாலை அவள் கையில் வைத்தேன். இரண்டு தரமும் திருப்பிக் கொடுத்தாள்.

“அவர் சொன்னதை மீறினால் பிள்ளையும் நானும் விடுபட்டுப் போயிடுவம் ஆச்சி.”

“எங்க விடுபட்டு?”

“இஞ்சை. எல்லாரையும் எடுத்துக்கொண்டு போகேக்கை நானும் பிள்ளையும் மட்டும் இஞ்சை நெருப்புக்குள்ளை.”

இதை நன்றாகக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் இராசேஸ்வரி. அவள் நம்பினாள். அந்த முப்பது பேரில் வேஷம் போடாமல் நம்பியவள் அவள் ஒருத்திதான் என்று நான் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவேன். அவளுக்கு வேதம் தெரியும். கடைசி நாட்களில் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ என்று கர்த்தரே சொல்லியிருக்கிறாராம். குணமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐயோ பாவம் என்று அவர் இரங்கிச் சொன்னது அது. எனக்கே அது விளங்குகிறது. ஆனால் கூட்டத்தில் உபதேசியார் அதை எடுத்து, பிள்ளையோடு உட்கார்ந்திருந்த குணமணியைப் பார்த்துக் கைநீட்டிச் சொன்னார், அவள் ஏதோ குற்றம் பண்ணினவள் மாதிரி. “மாமிசப் பாசம் பறக்கிறவனுடைய காலில் கட்டின கல்!” வாயோரத்து வெள்ளை தெறித்தது. அவள் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் முந்தானையைப் பார்த்தார், உபதேசியாரைப் பார்த்தார், “ஆமென்” என்றார்.

கடைசி வாரம் ரூத்துக்குக் காய்ச்சல் கண்டது. குளிரில் நடுங்கும், பிறகு கொதிக்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அது என்ன காய்ச்சல் என்று இந்த ஊரில் மாட்டுக்காரிக்கும் தெரியும், கொயினா மருந்து கொடுக்க வேண்டும் என்றும் தெரியும். அந்த வீட்டிலேயே கொயினாக் குப்பி ஒன்று இருந்தது. வியாழக்கிழமை அந்தக் குப்பி பின்கட்டுச் சாக்கடையோரத்தில் வெறுமையாகக் கிடந்தது. சாக்கடைக் கல்லில் வெள்ளைக் கறை.

“ஆரு ஊத்தினது?”

குணமணி பிள்ளையின் நெற்றியில் ஈரத் துணியை மாற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “மூண்டு நாள்தானே இருக்குது ஆச்சி. மூண்டு நாளிலை கர்த்தர் வரேக்கை, மருந்து குடுத்தால் அவரை நம்பேல்லை எண்டு ஆகுமாம். அவர்தான் ஊத்தினவர்.”

“உபதேசியாரா?”

“இல்லை. இவர்.”

பிள்ளை என்னைப் பார்த்தது. ஆனால் சிரிக்கவில்லை. அந்தப் பல்லும் வெளியே தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் மத்தியானம் உலகம் முடியப் போகிறது. நான் வழக்கம்போல உபதேசியாரின் செம்பை நிரப்பிக்கொண்டு போனேன். அவர் பின்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, பாலை ஒரே மூச்சில் குடித்து, மீசையைப் புறங்கையால் வழித்துக்கொண்டு கேட்டார்.

“ஏ முத்தாயி, ஒன் செவலைப் பசு செனைதானே? எப்ப ஈனும்?”

“கார்த்திகை பொறந்து ஒரு வாரத்துல ஈனும் உபதேசியாரே.”

“அப்ப சீம்பாலு எனக்குன்னு ஒரு செம்பு எடுத்து வையி, மறந்துராத. கருப்பட்டி தட்டிப் போட்டு, ஏலக்கா போட்டு, ஆவியில வேகவெச்சா… அடடா. இந்த ஊருக்கு வந்து சீம்பாலே திங்கல.”

நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பசு ஈன்றதும் முதலில் கறக்கிற அந்தக் கட்டிப் பாலை எங்களில் யாரும் விற்கமாட்டார்கள். கேட்டவர்க்கு இல்லை என்றும் சொல்லமாட்டார்கள், கன்றுக்கு ஆகாது. அதனால் அக்கம்பக்கத்தார் முன்கூட்டியே சொல்லிவைப்பது வழக்கம்தான். என் கொட்டகையில் சினைப்பசு நின்றால் பத்துப் பேர் சொல்லிவைப்பார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேரும் நாளைக்கு உலகம் முடியும் என்று சொல்லிவிட்டுச் சொல்லிவைக்கிறவர்கள் இல்லை. ஒரு பசுவின் வயிறு தெரிந்த மனிதனுக்கு ஒரு பிள்ளையின் வயிறு தெரியவில்லை. பால் கொடுக்கிறவளுக்கு ஐயோ, பசுவுக்கு மட்டும் அடடா.

குணமணியிடம் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. “உங்களுக்கு அவரைப் பிடிக்காது ஆச்சி” என்றாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று என் கையால் நானே கறந்த பாலைக்கூட எனக்குக் குடிக்கப் பிடிக்கவில்லை.

பிள்ளை என்ன ஆனது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வைத்துச் சொன்னால் கூத்துக்காரன் வித்தை மாதிரி இருக்கும். பிள்ளை பிழைத்தது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து பிழைத்தது. இப்போது மூன்று வயது நெருங்குகிறது. குணமணி ரோட்டின் மேல்முனையில் ஒரு அறையில் இருந்துகொண்டு பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள், ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறாள். அந்த ஞாயிறு மத்தியானம் மழை வந்தது, வேறு யாரும் வரவில்லை. மறுநாள் எம்டனும் போய்ச் சேர்ந்தது. எங்கேயோ நடுக்கடலில் அதை அடித்துப் போட்டார்கள். உபதேசியார் கணக்கில் ஒரு வாரம் பிசகியிருக்கிறது என்று சொல்லி, அடுத்த வாரம் மலாய்நாட்டு ரயிலேறினார். கந்தப்புவும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போனார். இப்போது ஈப்போவில் இருக்கிறார்களாம், வேறு தேதி குறித்திருக்கிறாராம். பெண்டாட்டியைத் தேடி ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் வராத மனிதர், ஈப்போ வரைக்கும் போயிருக்கிறார். கட்டினவனை விட்டாள், கட்டினவனை விட்டாள் என்கிறார்களே, யார் யாரை விட்டது? செவலை கார்த்திகை எட்டாம் தேதி ஈன்றது. சீம்பாலில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குணமணிக்குக் கொடுத்தேன்.

இனி அந்த ஞாயிறு.

பத்து மணிக்குப் பால் கொண்டுவரச் சொல்லியிருந்தார் உபதேசியார். முன்னறையில் முப்பது பேரும் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். பட்டினியில் கண் குழிந்து, வாய் உலர்ந்து. எங்களில் வெள்ளை உடுத்திப் பெண்கள் கும்பலாக உட்கார்ந்தால் அது இழவு வீடு.  நான் உள்ளே இருக்கும்போதே உபதேசியார் வாசல் கதவைச் சாத்தித் தாழ்போட்டார். நோவாவின் பேழைக் கதவை ஆண்டவரே அடைத்த மாதிரி இந்தக் கதவு அடைக்கப்பட்டது, இனி வெளியே போகிறவர்கள் உள்ளே வரமுடியாது, இங்கேயும் வரமுடியாது, அங்கேயும் வரமுடியாது என்று மேலே கையைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பிச் செம்புக்குக் கை நீட்டினார்.

மூலையில் குணமணி உட்கார்ந்திருந்தாள், மடியில் ரூத். பிள்ளைக்கு அன்று காய்ச்சல் முறை. நடுக்கம் நின்று கொதிப்பு ஏறியிருந்தது. கண் பாதி மூடி, வெள்ளை தெரிந்தது. செம்புக்கு அந்தக் கை நீண்டதைக் குணமணி பார்த்தாள். எழுந்து வந்தாள். உபதேசியாருக்கும் எனக்கும் நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல் கேட்டாள்.

“உபதேசியார், ஆச்சியின்ரை பசு கண்டு போட்டால் சீம்பால் வேணுமெண்டு நேற்றுக் கேட்டனீங்களோ?”

 அந்த மனிதர் பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சிரித்தார்.

“கேட்டேன் சகோதரி. கேட்டேன். நாளைக்கு வருகிறார் என்று தெரிந்தாலும் இன்றைக்கு விதைக்கிறவனே விசுவாசி. சந்தேகப்படுகிறவன்தான் சும்மா இருப்பான். அது என் விசுவாசத்தின் அடையாளம்!”

“அப்ப கொயினா?” என்று கேட்டாள் குணமணி. “அதுவும் விதைக்கிறதுதானே?”

உபதேசியாரின் நாக்கு வாயோரத்துக்குப் போய் வந்தது. பதில் வந்தது. பின்னாலிருந்து, கந்தப்புவின் வாயிலிருந்து.

“ஆமென்” என்றார்.

எதற்கு ஆமென்? உபதேசியார் சீம்பாலுக்குச் சொன்ன விளக்கத்துக்கு. பழக்கதோஷத்தில், கொஞ்சம் பிந்தி, தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார். பெண்டாட்டி கேட்ட கேள்வி அவர் காதிலேயே விழவில்லை.

குணமணி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் ஒரு பெண்ணின் முகத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கோபம் இல்லை. சோற்றில் புழு கண்டவள் இலையைப் பார்ப்பாளே, அது. உபதேசியாரின் பித்தலாட்டம் அவளை அசைக்கவில்லை, இதை யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. அந்த ஒரு ஆமென்தான்.

என் கையிலிருந்த செம்பை வாங்கினாள். அங்கேயே, முப்பது பட்டினிக்காரர்கள் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாலாடைச் சங்கில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் பிள்ளைக்குப் புகட்டினாள். பிள்ளை முதலில் துப்பியது. பிறகு விழுங்கியது. அந்த விழுங்கல் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. உபதேசியார், “சகோதரி, கடைசி மணி நேரம், கடைசி மணி நேரம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார், செம்பைப் பார்த்துக்கொண்டே.

அவள் எழுந்தாள். வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாள்மேல் வைத்த கை நடுங்கியது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. இராசேஸ்வரி, அந்த நடுக்கத்தைத்தான் நீ மனசில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். வெளியே போனால் நெருப்பு என்று அவள் அந்த நிமிஷமும் நம்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு வானம் திறக்கும், தானும் பிள்ளையும் தெருவில் நிற்போம், மற்றவர்கள் மேலே போய்விடுவார்கள் என்று நம்பிக்கொண்டுதான் தாழ்ப்பாளை இழுத்தாள். நம்பாதவள் திறப்பதற்கு என்ன, நானும் திறப்பேன்.

கதவு திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது. கந்தப்பு அப்போதுதான் எழுந்தார். “குணம்” என்றார். “குணம், இன்னும் ஒரு மணித்தியாலம்தான். கொஞ்சம் பொறு.”

அவள் படியில் நின்று திரும்பினாள். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள், கந்தோருக்குப் போகிறவரிடம் சாமான் சொல்லிவிடுகிற அதே குரலில். “கர்த்தர் வந்தால் சொல்லுங்கோ, நான் பெரியாஸ்பத்திரியிலை நிக்கிறன் எண்டு.”

படி இறங்கினாள். தெருமுனையில் நின்ற ரிக்‌ஷாக்காரனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.